ஆடத் தெரிந்தால் போதுமா?

மாலையில் அலுவலகம் விட்டு, இரவு ஒன்பது மணி வரை ஆடற்கூடத்தில் வியர்வை சிந்தி, இரண்டு மூன்று ஆண்டுகள் சல்சா பயின்ற ஒருவர், சேமித்து வைத்த பணத்தோடு ஹவானாவிற்கோ, நியூயார்க்கிற்கோ, கொலம்பியா நாட்டின் காலி நகருக்கோ புறப்படுகிறார். பெட்டியில் மெல்லிய தோல் அடிவைத்த ஆட்டக் காலணி இருக்கிறது. கைப்பேசியில், போய்ப் பார்க்க வேண்டிய ஆடரங்குகளின் பட்டியல் இருக்கிறது. உள்ளத்திலோ ஓர் உறுதி இருக்கிறது. சல்சா உலகப் பொதுமொழி. அதைக் கற்றவர் எந்த ஊர் அரங்கிலும் தயங்காமல் இறங்கலாம் என்னும் உறுதி அது. ஆசிரியர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஆடற்கூடத்தின் விளம்பரத் தாளிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. இது அரை உண்மை. மீதி அரையை அறியாமல் புறப்படுகிறவரால் அவருக்கும் கேடு; அவரை வரவேற்கும் ஊருக்கும் கேடு.

எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய மாணவனை எந்த ஆசிரியரும் அவையில் ஏற்றிச் சொற்பொழிவாற்றச் சொல்வதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று அடி; நான்கில் ஒரு நிறுத்தம்; ஐந்து, ஆறு, ஏழு என மீண்டும் மூன்று அடி; எட்டில் ஒரு நிறுத்தம். இது சல்சாவின் அரிச்சுவடி. அதன்மேல் எத்தனை சுழற்சிகளையும் கைப்பின்னல்களையும் அடுக்கினாலும் அவை வெறும் சொற்களே. யாரை ஆட அழைப்பது, எவ்வாறு அழைப்பது, மறுப்பை எந்த முகத்தோடு ஏற்பது, எவ்வளவு நெருங்கிப் பிடிப்பது, எப்போது கையை விடுவது என்பனவே அவையறிதல். இதனைக் கற்பிக்காமல், சான்றிதழைக் கையில் கொடுத்து வழியனுப்பும் ஆடற்கூடங்கள் தம் கடமையில் பாதியைச் செய்யவில்லை. ஆசிரியத் தொழிலின் அளவுகோலால் அளந்தால் இது சிறு குறை அன்று.

சல்சா என்பது ஒரே பெயர். ஆனால் ஓர் ஆட்டம் அன்று. அப்பெயரை உலகெங்கும் பரப்பியது நியூயார்க்கின் இசைத்தட்டு வணிகம். 1964இல் ஜானி பச்சேக்கோ என்னும் இசைவாணரும் ஜெர்ரி மசூச்சி என்னும் வழக்குரைஞரும் சேர்ந்து தொடங்கிய ஃபானியா நிறுவனம் 1970களில் அப்பெயரை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. ஆட்டங்களுக்கோ தாய்வீடுகள் பல. கியூபர் தம் ஆட்டத்தைக் காசினோ என்பர். 1950களில் ஹவானாவின் சங்க மண்டபங்களில் உருப்பெற்ற அதில் இணையர் இருவரும் ஒருவரையொருவர் வட்டமிட்டுச் சுழல்வர். நியூயார்க்கில் இருவரும் ஒரு கோட்டின்மேல் முன்னும் பின்னும் போய்வருவர். திரும்பும் அடி இரண்டாம் தட்டில் விழும். எட்டி தோரஸ் போன்ற ஆசிரியர்கள் அதனை எண்ணிக்கைக்குள் அடக்கிப் பாடமாக்கினர்.

காலி நகரத்தார் வழி முற்றிலும் தனி. (பெயர் காலியே தவிர, அந்நகரம் ஆட்டத்தால் நிரம்பி வழிவது.) அங்கே 1960களில், நிமிடத்திற்கு 33 சுற்றுச் சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வைத்து ஓட்டினர். பாட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரைவாக ஓடிற்று. கால்களும் அதனைத் துரத்தின. அவ்வாறு பிறந்ததே காலியின் நுணுக்கமான விரைவடி. அங்கே கைப்பின்னல் பெரிதன்று, காலே பேசும். உள்ளூரில் சல்சா வாத்தியக் குழுக்கள் பெருகுமுன்பே, கடல்கடந்து வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஒரு நகரம் தனக்கென ஓர் ஆட்டத்தைப் படைத்துக்கொண்டது. இவ்வரலாற்றை லிசே வாக்சர் என்னும் இசையாய்வாளர் 2002இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இவ்வரலாற்றை அறியாதவர் அங்கே என்ன செய்கிறார்? கோட்டின்மேல் ஆடப் பழகியவர் ஹவானாவின் நெருக்கமான அரங்கில் தமக்கென ஒரு நீள்பாதை வெட்டிக்கொள்கிறார். வட்டமாகச் சுழலும் நான்கு இணைகள் அவருடைய முழங்கைக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டியதாகிறது. காலியில், பாட்டின் விரைவு பிடிபடாததால் பாதி விரைவில் அடிவைத்துக்கொண்டு, தம் இணையான உள்ளூர்ப் பெண்ணைப் பம்பரமாய்ச் சுழற்றுகிறார். கூட்டம் மிகுந்த தளத்தில் இணையின் முதுகைத் தரைவரை வளைத்துச் சாய்க்கிறார். சாய்க்கலாமா என்று அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு முதுகுவலி உண்டா என்பதும் அவருக்குத் தெரியாது. மேடைக்கென ஆக்கிய வித்தையை மக்கள் கூடி ஆடும் தளத்தில் காட்டுவது, திருமண வீட்டுப் பந்தியில் எழுந்து நின்று பட்டிமன்றம் நடத்துவதை ஒக்கும்.

இவற்றைவிடக் கொடியது இடித்துரைக்கும் நோய். மூன்றாண்டுகள் பயின்று வந்தவர், சிறுவயது முதல் தாய்தந்தையரோடு ஆடி வளர்ந்த பெண்ணை ஆட்டத்தின் நடுவே நிறுத்தி, "அடி தவறுகிறது, இரண்டில் திரும்ப வேண்டும்" என்று திருத்துகிறார். எந்த இரண்டு? யாருடைய இரண்டு? நியூயார்க்கின் ஓர் ஆசிரியர் வகுத்த எண்ணிக்கை கியூபாவின் பாட்டிக்குச் சட்டமாகுமா? கற்பித்தல் வகுப்பறையில் நிகழ வேண்டியது. அதுவும் கற்க வந்தவர்க்கே. ஆடுதளத்தில் ஒருவர் கேட்காமல் அவரைத் திருத்துவது எந்நாட்டிலும் இழிவாகவே கருதப்படும். கைதேர்ந்த ஆசிரியர் எவரும் தளத்தில் வாய் திறப்பதில்லை. வாய் திறப்பவர் பெரும்பாலும் நேற்றுத் தேறிய மாணவரே.

இங்கே ஒரு சாரார் எதிர்வாதம் எழுப்புவர். "ஆசாரம், முறைமை என்பன வெள்ளைக் கையுறை அணிந்த ஐரோப்பிய மேட்டுக்குடியினர் வகுத்தவை. சல்சாவோ தெருவில் பிறந்தது, உழைப்பாளர் ஆட்டம், அதன் உயிரே விடுதலை. விடுதலைக்கு விதி வகுப்பது கலைக்குச் செய்யும் கேடு" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையான வாதந்தான். ஆனால் தெருவில் பிறந்த ஆட்டங்களை ஒருமுறையேனும் உற்று நோக்கியவர் இவ்வாறு பேசமாட்டார்.

கியூபாவின் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளில், கறுப்பின மக்களிடையே வளர்ந்தது ரும்பா. யுனெஸ்கோ 2016இல் அதனை மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அதன் ஒரு வகையாகிய குவாகுவாங்கோவில் ஆணும் பெண்ணும் தொடாமல் ஆடுவர். ஆண் தன் உடலசைவால் திடுமென ஓர் உரிமைக் குறிப்பை எறிவான். அதற்கு வாக்குனாவோ என்று பெயர். பெண் அதே கணத்தில் பாவாடையையோ கையையோ குறுக்கே கொண்டுவந்து அதனைத் தடுத்துவிடுவாள். அவள் தடுக்கும் திறமையே ஆட்டத்தின் அழகு. மறுக்கும் உரிமையை ஆட்டத்தின் நடுவிலேயே, தாளத்தோடு பொருத்தி வைத்தவர் கையுறை அணிந்த சீமான்கள் அல்லர். அடிமைத்தளையின் வழிவந்த உழைப்பாளர் அவர்கள். ருவேதா என்னும் வட்ட ஆட்டத்திலும் அப்படியே. பல இணைகள் வட்டமாக நிற்க, ஒருவர் குரல் கொடுப்பார். அக்குரலைக் கேட்டு அனைவரும் ஒரே கணத்தில் இணை மாற வேண்டும். தன் விருப்பம் என்று ஒருவர் நின்றுவிட்டால் வட்டம் முழுதும் உடையும். இதைவிடக் கடுமையான ஒழுங்கு எந்த அரண்மனையில் இருந்தது?

அர்ஜென்டினாவின் தாங்கோ வேறோர் ஆட்டம். எனினும் சல்சாக்காரர் அதனிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. புவனோஸ் ஐரிஸ் நகரின் பழமை மாறாத ஆடரங்குகளில் ஆண் எழுந்து போய்ப் பெண்ணின் முன் கையை நீட்டுவதில்லை. தன் இருக்கையிலிருந்தே அவள் கண்ணை நாடுவான். அவளும் நோக்கினால் தலையை மெல்ல அசைப்பான். அவள் இசைந்தால் அவளும் அசைப்பாள். இசைவில்லையேல் அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அழைப்பும் மறுப்பும் அயலார் அறியாமல் முடிந்துவிடும், யாருக்கும் தலைகுனிவில்லை. மூன்று நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுதி முடியும் வரை அதே இணையோடு ஆடுவதும், இடையே ஒலிக்கும் வேற்றிசையில் பிரிந்து இருக்கைக்குத் திரும்புவதும் அங்கே வழக்கம். முதற்பாட்டு முடிந்ததும் மரியாதை கருதி "கிராசியாஸ்" என்று நன்றி கூறிவிட்டு, தம் இணை ஏன் முகம் வாடிப் போய்விட்டாள் என்று புரியாமல் விழித்த வெளிநாட்டார் பலர். அவ்வரங்கில் அச்சொல்லுக்கு "உன்னோடு ஆடியது போதும்" என்பது பொருள். மரியாதைச் சொல்லே இடம் மாறினால் அவமதிப்பாகிறது.

சல்சாவில் இக்கண்ணசைவு முறை இல்லை. கை நீட்டி அழைப்பதே பெருவழக்கு. ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. பிறகு இருக்கைவரை உடன் சென்று விடைபெறுதல். கை வெளிப்படையாக நீள்வதால் மறுப்பும் வெளிப்படையாகிவிடுகிறது. ஆகவேதான் அழைப்பவர் பொறுப்பு இங்கே மிகுதி. நண்பரோடு உரையாடிக்கொண்டிருப்பவளை இழுக்கலாகாது. மேசையைச் சுற்றிக் குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ அமர்ந்திருந்தால், முதலில் மேசையிலிருப்போர் அனைவரையும் வணங்கி, பின்னரே ஒருவரை அழைக்க வேண்டும். மறுத்தால், காரணம் கேளாமல் புன்னகையோடு திரும்ப வேண்டும். "ஏன்?" என்று கேட்பது அழைப்பை வழக்காக்கிவிடும். மறுப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. களைத்திருப்பதாகக் கூறி ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே பாட்டுக்கு அடுத்தவரோடு எழுவது பொய்யையும் புண்படுத்தலையும் ஒருங்கே செய்வதாகும்.

வியர்வையால் நனைந்த சட்டையை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று மாற்றுச் சட்டைகளும் ஒரு துண்டும் எடுத்துச் செல்வது, கையில் குடிக்கும் குவளையோடு தளத்தைக் கடக்காதிருப்பது, பிறர் காலை மிதித்தால் நின்று வருத்தம் தெரிவிப்பது ஆகியவற்றை வளர்ந்தவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

இனிப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். பயண நிறுவனங்கள் இதனைப் பேசுவதில்லை. 1994 முதல் 2020 முடிய கியூபாவில் இருவகை நாணயம் வழங்கிற்று. நாட்டு மக்கள் சம்பளம் பெற்றது ஒரு நாணயத்தில். பயணிகளின் விடுதிகளும் புகழ்பெற்ற ஆடரங்குகளும் கட்டணம் கேட்டது டாலருக்கு நிகரான மற்றொன்றில். 2010ஐ ஒட்டி ஓர் அரசு ஊழியரின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 டாலர் மதிப்பே உடையது. ஓர் இரவின் நுழைவுக் கட்டணமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பயணிகள் தங்கும் விடுதிகளில் கியூபர் தங்க 2008 வரை அனுமதியே இல்லை. 1959 புரட்சிக்கு முன் உறுப்பினரல்லாதார்க்கு மூடிக்கிடந்த சங்க மண்டபங்களின் வாயிலில் நிறமும் செல்வமும் காவல் நின்றன. பின்னர், அதே ஆட்டத்தின் வாயிலில் வேற்று நாணயம் காவல் நின்றது. இரண்டாம் நாணயம் 2021 தொடக்கத்தில் ஒழிந்தது. பயணியின் பைக்கும் உள்ளூராரின் பைக்கும் இடையிலுள்ள பள்ளம் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

இப்பள்ளத்தின் விளிம்பில் நின்றுதான் பயணி ஆடுகிறார். அவருடைய ஆடற்பள்ளி மாலை நேரத்திற்கென ஓர் இணையாட்டக்காரரை ஏற்பாடு செய்து தருகிறது. அவருடைய நுழைவுக் கட்டணத்தையும் குடிவகைச் செலவையும் பயணியே ஏற்கிறார். இதில் இழிவு ஏதும் இல்லை. சிங்கப்பூரின் நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களில் கூப்பன் கொடுத்து ஆடிய காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கூப்பனுக்கு ஓர் ஆட்டம் என்று கணக்கு அங்கே வெளிப்படையாக இருந்தது. ஹவானாவில் கணக்கு மங்கலாக இருப்பதே தொல்லை. கூலி பெற்றுப் புன்னகையோடு ஆடும் இளைஞரின் புன்னகையைக் காதல் என்று எண்ணி மயங்கும் பயணியும் உண்டு. பணம் கொடுத்ததால் ஆட்டத்திற்கு அப்பாலும் உரிமை உண்டு என்று எண்ணும் பயணியும் உண்டு. முன்னவர் ஏமாறுகிறார்; பின்னவர் ஏய்க்கிறார். கட்டணத்தை முன்னரே பேசி முடித்து, முழுமையாகக் கொடுத்து, ஆடி முடித்து, நன்றி சொல்லிப் பிரிவதே இருவர்க்கும் பெருமை. ஆட்டம் கற்பிப்பவர்க்கு அது பிழைப்பு என்பதை மறந்து, "நண்பர்தானே" என்று கூலியைக் குறைப்பது திருட்டு.

உள்ளூராரை ஒதுக்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பயணிகள் இருபது முப்பது பேராகக் குழுவாக வந்து, அரங்கின் நல்ல பாதியைப் பிடித்துக்கொண்டு, தம்முள்ளேயே இரவு முழுதும் ஆடுகின்றனர். உள்ளூர் முதியவர் ஒருவர் கை நீட்டினால், "இவருக்குச் சுழற்சி தெரியாது" என்று முகம் சுளிக்கின்றனர். காலியில் 1990களில் வியஹோத்தேகா என்னும் முதியோர் ஆடரங்குகள் தோன்றின. இளமையில் தாம் கேட்ட பழைய பாட்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் முதியோர் ஆட வேண்டும் என்பதற்காகவே அவை எழுந்தன. மெல்ல மெல்ல எல்லா வயதினரும் வரத் தொடங்கினர். அத்தகைய அரங்கில் எழுபது வயது மூதாட்டி சிக்கனமாக, இடுப்பும் பாதமும் மட்டும் அசைய ஆடும் ஆட்டத்தில் அரை நூற்றாண்டு அடங்கியிருக்கிறது. அதனை விட்டுவிட்டு, தம் ஊரிலேயே வாரந்தோறும் ஆடும் தோழரோடு மீண்டும் ஆடுவதற்கு விமானச் சீட்டு எதற்கு? கேளாமலே அம்மூதாட்டியின் முகத்தருகே கைப்பேசியை நீட்டிப் படம் பிடிப்பவர், விலங்குக் காட்சிச்சாலைக்கு வந்ததாக எண்ணுகிறார் போலும். அவள் ஆடுவது அவளுக்காக. அயலூர்த் திரைகளுக்காக அன்று.

ஆயினும், விருந்தினர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. "எங்கள் ஊர் வழக்கம் இது" என்று சொல்லி, தனியே வந்த அயல்நாட்டுப் பெண்ணை மூச்சுமுட்ட இறுக்கிப் பிடிப்பவர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களும் வழக்கத்தைப் பாதியே அறிந்தவர்கள். நெருங்கி ஆடும் மரபுள்ள ஊரிலும் நெருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை இருவர்க்கும் உண்டு. கையால் மெல்லத் தள்ளி இடைவெளி உண்டாக்குவதும், அது உதவாவிடில் பாட்டின் நடுவே நன்றி கூறித் தளத்தைவிட்டு இறங்குவதும் அவமரியாதை ஆகா. பண்பாட்டை மதிப்பதென்றால் எதனையும் சகிப்பது என்று பெண் மாணவர்க்குச் சொல்லி அனுப்பும் ஆசிரியர், இடித்துத் திருத்தும் பயணியைவிடப் பெருந்தீங்கு செய்கிறார்.

நியூயார்க் நகரில் 53ஆம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் முனையில் பல்லாடியம் என்னும் ஆடரங்கு இருந்தது. 1940களின் பிற்பகுதி முதல் 1966இல் மூடப்படும் வரை மாச்சித்தோ, தித்தோ புவெந்தே, தித்தோ ரொட்ரிகஸ் ஆகியோரின் வாத்தியக் குழுக்கள் அங்கே முழங்கின. அமெரிக்காவின் பெரும்பகுதியில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர இயலாத அக்காலத்தில் அங்கே போர்ட்டோரிக்கர், கறுப்பர், யூதர், இத்தாலியர் அனைவரும் ஒரே தளத்தில் ஆடினர். வேற்றினத்தார் ஒருவர் நீட்டிய கையை ஏற்பதோ மறுப்பதோ அந்நாளில் பெரிய செயல். எவ்வாறு அழைப்பது, எவ்வாறு பிடிப்பது, எவ்வாறு விடுவது என்பதில் ஒரு பொது உடன்பாடு இல்லாமல் அத்தளம் ஒரு வாரம் நிலைத்திருக்குமா? முறைமை விடுதலையின் பகை என்று பேசுவோர் இதற்கு விடை கூறட்டும்.

மாணவர்களைக் குழுவாக அழைத்துச் செல்லும் ஆடற்கூடத்தார் செய்ய வேண்டியது பெரிதொன்றும் இல்லை. புறப்படுமுன் ஒரு மாலைப் பாடத்தை இசையே இல்லாமல் நடத்தலாம். ஒருவர் அழைக்க, மற்றவர் மறுக்க, அழைத்தவர் முகம் மாறாமல் திரும்பி வரப் பழக்கலாம். "மன்னிக்கவும்", "களைப்பாக இருக்கிறது", "அடுத்த பாட்டுக்கு ஆடலாமா" ஆகிய மூன்றை ஸ்பானிய மொழியில் மனனம் செய்யவைக்கலாம். சென்று சேர்ந்த முதல் இரவில், தளத்தில் இறங்குமுன் ஒரு மணி நேரம் மேசையில் அமர்ந்து, அவ்வூரார் பாதங்களை மட்டும் பார்க்கச் சொல்லலாம். அந்த ஒரு மணி நேரத்திற்குள் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, மேசையிலிருப்போர் அனைவருக்கும் தலை வணங்கி, பயணியின் மனைவியிடம் உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டி நிற்கக்கூடும். அவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைப் பயணி கவனித்துக்கொள்ளட்டும்.